பார்க்கலாம், தொடக் கூடாது: வடசென்னைக் கரையின் கன்ட்ரோல் ரூம்கள்

1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓட ஆரம்பித்தபோது, அதன் கன்ட்ரோல் ரூமில் கம்ப்யூட்டர் திரை என்று ஒன்று கிடையாது. சுவர் நீளத்துக்கு ஒரு பேனல் இருந்தது. அதில் முள் காட்டும் மீட்டர்கள், மை பேனாவால் கோடு இழுக்கும் ரிக்கார்டர்கள், சதுரம் சதுரமாக எழுத்து பொறித்த அலாரம் ஜன்னல்கள். பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் அந்த அறைக்குள் நிற்க வேண்டும். வால்வைத் திறப்பவரும் அங்கேயேதான் நிற்க வேண்டும். பார்க்கிற இடமும் இயக்குகிற இடமும் ஒன்றாக இருந்த காலம் அது. மொத்தம் ஐந்து அலகுகள், 450 மெகாவாட். 2017-ல் அதை மூடிவிட்டார்கள்.

நான் ஏரிக்கரையில் பிறந்தவன். அப்பா பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கப் போனவர். நான் ஐடிஐ-யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்ரென்டிஸாக வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை இந்தக் கரையில் உள்ள ஆலைகளில்தான் வேலை. எந்த ஆலை, எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லப்போவதில்லை. சொல்ல வந்தது ஆலையைப் பற்றி அல்ல, அதன் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் திரையைப் பற்றி. அந்தத் திரைக்குப் பின்னால் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறது, அந்தத் திரையைத் தூரத்திலிருந்து யார் யார் பார்க்கிறார்கள், யார் தொடுகிறார்கள் என்பது இந்தக் கரையில் இருப்பவர்களின் வாழ்வோடு சம்பந்தப்பட்ட விஷயம். அதை ஆலைக்குள் இருந்த ஒருவன் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், பழவேற்காடு ஏரி, வங்கக் கடல். இவற்றுக்கு நடுவே இருப்பது காட்டுப்பள்ளித் தீவு. அதன்மேலும் அதைச் சுற்றியும் வந்தவற்றைப் பாருங்கள். 1994-லிருந்து 1996-க்குள் வடசென்னை அனல் மின் நிலையத்தின் மூன்று 210 மெகாவாட் அலகுகள். 2001-ல் எண்ணூர் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். 2010 ஜூலையில் காட்டுப்பள்ளியிலேயே ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம். பிறகு வல்லூரில் மூன்று 500 மெகாவாட் அலகுகள், வடசென்னையில் இன்னும் இரண்டு 600 மெகாவாட் அலகுகள், கப்பல் கட்டும் தளத்தோடு சேர்ந்து காட்டுப்பள்ளித் துறைமுகம். துறைமுகத்துக்காக காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்களையே இடம் மாற்றினார்கள். வந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்ட்ரோல் ரூம். ஒவ்வொரு கன்ட்ரோல் ரூமுக்கும் ஒரு வரிசைத் திரைகள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் பேனல் காலத்து ஆட்கள். அவர்களுடைய ரிக்கார்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பேனா ரிக்கார்டர் என்றால் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. இரண்டும் ஒரே தாளில் குறுக்கும் நெடுக்கும் போகும். ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க, ஒரு பேனாவைச் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் தாளில் ஒரே நேர்கோட்டில் இருக்கும் சிவப்பும் பச்சையும் ஒரே நேரத்தில் நடந்தவை அல்ல. இது தெரியாதவன் யூனிட் டிரிப் ஆன, அதாவது தானாக நின்ற, காரணத்தைத் தலைகீழாகப் படிப்பான். அழுத்தம் முதலில் விழுந்ததா, வெப்பம் முதலில் ஏறியதா என்பதே மாறிப்போகும். யூனிட் டிரிப் ஆனால் சார்ட் பேப்பரை அப்படியே கிழித்து, நேரம் எழுதி, ஷிஃப்ட் இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டு எடுத்து வைப்பார்கள். அதை மாற்ற முடியாது, அழிக்க முடியாது. மேலதிகாரி பார்க்க வேண்டுமானால் அவர்தான் கீழே இறங்கி வர வேண்டும். தூரத்துப் பார்வைக்கு டெலிபோன்தான் வழி. "லோடு எவ்வளவு ஓடுது?" என்று சீஃப் என்ஜினீயர் கேட்பார், டெஸ்க்கில் இருப்பவர் மீட்டரைப் பார்த்துச் சொல்வார்.

1975-ல் அமெரிக்காவின் ஹனிவெல் டிடிசி 2000-ஐயும், அதே ஆண்டில் ஜப்பானின் யோகோகாவா சென்டமையும் கொண்டுவந்தன. டிசிஎஸ் (பரவலாக்கிய கட்டுப்பாடு) என்று இன்று சொல்கிற முறையின் தொடக்கம் அது. சுவர் பேனலில் இருந்தது மேசைத் திரைக்குள் வந்தது. நம் பக்கம் அது மெதுவாகத்தான் வந்தது. முதலில் பேனலுக்குப் பக்கத்தில் ஒரு திரை, தகவல் பார்க்க மட்டும். பிறகு திரைதான் எல்லாம் என்று ஆகி, பேனலில் அவசர டிரிப் பட்டன்கள் மட்டும் மிஞ்சின.

அந்தத் திரைகளுக்குப் பின்னால் அப்போது விண்டோஸ் இல்லை. டெக் கம்பெனியின் விஎம்எஸ் இருந்தது, அல்லது ஏதாவது ஒரு யூனிக்ஸ் இருந்தது. ஃபாக்ஸ்பரோ யூனிக்ஸ் வழியில் போனது. சீமென்ஸ் மின் நிலையங்களுக்குத் தந்த டெலிபெர்ம் எக்ஸ்பியின் இயக்கத் திரைகளும் யூனிக்ஸில்தான் ஓடின. கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், கீபோர்டு, மேசை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தன. விலை அதிகம். ஆனால் கெட்டுப்போனால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் இல்லை.

தூரத்துத் திரை என்ற எண்ணம் யூனிக்ஸோடு சேர்ந்தே வந்தது. 1984-ல் எம்ஐடியில், அத்தீனா திட்டத்தின் பகுதியாக பாப் ஷெய்ஃப்லரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் விண்டோ முறையைத் தொடங்கினார்கள். 1987 செப்டம்பரில் அதன் பதினோராவது பதிப்பு வந்தது. இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை. புரோகிராம் ஒரு கம்ப்யூட்டரில் ஓடும், படம் இன்னொரு இடத்தில் தெரியும். நடுவில் ஒரு கேபிள் போதும். கன்ட்ரோல் ரூமுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். சூடாகிற, சத்தம் போடுகிற சர்வர்கள் பக்கத்து அறையில் ஏசிக்குள் இருக்கும். மேசையில் இருப்பது டிஸ்க் இல்லாத எக்ஸ் டெர்மினல். ஒரு திரை செத்தால் அதே படத்தை அடுத்த திரையில் வரவழைத்துக்கொள்ளலாம். சீஃப் என்ஜினீயர் அறையிலும் ஒன்று வைக்கலாம்.

அதில் பூட்டு மட்டும் பலவீனம். 'எக்ஸ்ஹோஸ்ட்' என்று அடித்து ஒரு கூட்டல் குறி போட்டுவிட்டால், அந்த நெட்வொர்க்கில் உள்ள எந்தக் கம்ப்யூட்டரும் இந்தத் திரையில் படம் போடலாம், இங்கே அடிக்கிற கீயைப் படிக்கலாம். கமிஷனிங் அவசரத்தில் எல்லோரும் அதைத்தான் அடித்தார்கள். கேபிள் ஆலை மதிலுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1995-ல் பின்லாந்தில் டாட்டு உலோனென் எஸ்எஸ்ஹெச் எழுதிய பிறகுதான் அந்தப் போக்குவரத்தை மூடி அனுப்ப நல்ல வழி கிடைத்தது.

விண்டோஸ் எப்படி உள்ளே வந்தது? 1993 ஜூலையில் விண்டோஸ் என்டி வந்தது. அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய டேவ் கட்லர், டெக் கம்பெனியில் விஎம்எஸ்ஸை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அதனால் என்டி விளையாட்டுச் சாமான் அல்ல, அடித்தளம் உறுதிதான். விலையும் மலிவு. யாருக்கும் பழக்கமான முகம். ஆனால் கன்ட்ரோல் ரூமை முழுதாக விண்டோஸ் பக்கம் திருப்பியது 1996-ல் வந்த ஓபிசி. ஒரு கம்பெனியின் பிஎல்சியும் (கருவிகளை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) இன்னொரு கம்பெனியின் திரையும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும் என்று பல கம்பெனிகள் சேர்ந்து அதை எழுதின. அதை மைக்ரோசாஃப்ட்டின் டிகாம் என்ற தொழில்நுட்பத்தின் மேல் கட்டினார்கள். ஓபிசி வேண்டுமென்றால் விண்டோஸ் வேண்டும் என்று ஆகிவிட்டது. எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நமக்குச் சரி என்று எந்த ஆலையிலும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாக நான் பார்த்ததில்லை. பம்ப் சப்ளையரோடு ஒரு பிஎல்சி வந்தது, அதோடு ஒரு ஹெச்எம்ஐ (இயக்கத் திரை) வந்தது, அதற்குள் விண்டோஸ் இருந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1997 செப்டம்பரில் என்டி கம்ப்யூட்டர்களால் இயக்கப்பட்ட, அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பல் நடுக்கடலில் நின்றுபோனது. ஒருவர் ஒரு கட்டத்தில் பூஜ்யம் என்று எண்ணைப் போட்டிருக்கிறார். பூஜ்யத்தால் வகுக்கப்போய் கணக்கு உடைந்து, அது நெட்வொர்க் முழுக்கப் பரவி, எஞ்சின் கட்டுப்பாடு போய்விட்டது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் குற்றமா, அதன்மேல் எழுதிய புரோகிராமின் குற்றமா என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. கப்பலில் இருந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆலை முப்பது வருடம் ஓடும். எண்ணூர் நாற்பத்தேழு வருடம் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தது, 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. ஆலையின் ஆயுளுக்குள் மூன்று ஆபரேட்டிங் சிஸ்டம் பிறந்து செத்துவிடும். டெண்டரில் பாய்லர் டியூபின் ஆயுளைக் கேட்போம், கேபிளின் ஆயுளைக் கேட்போம், இதைக் கேட்க மாட்டோம்.

புதுசுக்கு மாற்ற வேண்டியதுதானே என்று ஆபீஸில் இருப்பவர்கள் கேட்பார்கள். பழைய வொர்க்ஸ்டேஷனைத் திறந்து பார்த்தால் விடை தெரியும். உள்ளே பிஎல்சியோடு பேசுவதற்கு ஒரு ஐஎஸ்ஏ கார்டு. அதைச் சொருக இடமுள்ள மதர்போர்டு இப்போது எளிதில் கிடைக்காது. பின்னால் பிரிண்டர் போர்ட்டில் ஒரு டாங்கிள், அது இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் திறக்காது. டாங்கிளுக்கு டிரைவர் எழுதிய கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கி, அதை மற்றொன்று வாங்கியிருக்கும். 2004-ல் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 வந்தபோது, பாதுகாப்புக்காக டிகாம் அமைப்பை இறுக்கினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அதைப் போட்ட இடங்களில் ஓபிசி இணைப்புகள் அறுந்துபோயின. எதை எதைத் தளர்த்த வேண்டும் என்று ஓபிசி அமைப்பே தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் 'அப்டேட்' என்ற வார்த்தையைக் கேட்டாலே பயம். ஓடுவதைத் தொடாதே என்பதுதான் வழக்கமாயிற்று. பழைய போர்டு எரிந்தால் ரிச்சி தெருவுக்குப் போய், செகண்ட் ஹேண்ட் கடைகளில் அதே மாடலைத் தேடி எடுத்து வருவோம். ஹார்டு டிஸ்க்கைப் படி எடுத்து, சிடியில் போட்டு, பீரோவில் பூட்டி வைப்போம். பல கோடி ரூபாய் ஆலையின் கண்கள் அந்த பீரோவில் இருந்தன.

தூரத்துப் பார்வைக்கு வருகிறேன். எக்ஸ்பியிலேயே ரிமோட் டெஸ்க்டாப் இருந்தது. ஆனால் அதில் ஒரு குணம் உண்டு. வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வந்தால், மேசையில் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஆபீஸில் அது சரி. கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர் முன்னால் திரை இருட்டாகிவிட்டால் கதை என்ன? அதனால் ஆலைகளில் பலரும் விஎன்சி பக்கம் போனார்கள். கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்து 1998-ல் இலவசமாக வெளியே வந்தது அது. திரையில் எந்தக் கட்டம் மாறியதோ அந்தக் கட்டத்தின் படத்தை மட்டும் அனுப்பும் எளிமையான வேலை. எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஓடும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசர், 1991-ல் காபிப் பானையில் காபி இருக்கிறதா என்று மாடி இறங்காமல் பார்க்க ஒரு கேமரா வைத்த குழுவிலும் இருந்தார். எழுந்து போகாமல் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் இரண்டுக்கும் வேர்.

விஎன்சியில் இங்கே இருப்பவரும் அங்கே இருப்பவரும் ஒரே திரையைப் பார்ப்பார்கள். ஒரே மவுஸை இருவரும் அசைக்கலாம். பழைய விஎன்சியின் பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்கு மேல் போனால் மிச்சத்தைக் கண்டுகொள்ளாது. பல இடங்களில் அந்த எட்டு எழுத்து என்ன என்று உங்களால் யூகித்துவிட முடியும்.

ஒரு சி ஷிஃப்ட்டில் நடந்தது. கடல்நீர் பம்ப் பக்கத்துத் திரை. ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்தது. டெஸ்க்கில் இருந்த பையன் கையைத் தூக்கிக் காட்டினான், "அண்ணே, நான் தொடல". அம்புக்குறி நேராகப் போய் ஒரு டிஸ்சார்ஜ் வால்வின் கட்டத்தைத் திறந்தது. பையன் மவுஸைப் பிடித்து இழுத்தான், அது திரும்பவும் அங்கேயே போனது. நான் பின்னால் போய் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். காலையில் விசாரித்தால், வேறொரு ஊரிலிருந்து சப்ளையரின் ஆள், டிரெண்ட் பார்ப்பதற்காக உள்ளே வந்தாராம். எங்கள் யாருக்கும் தகவல் இல்லை. லாக் புக்கில் அப்படி வரலாம் என்று ஒரு வரி இல்லை. எதுவும் கெடவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் அந்தப் பம்ப் யார் கையில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏரியில் இது நடக்காது. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊரின் எந்தத் தலைக்கட்டு வலை கட்டும் என்று முறை வைத்திருப்பார்கள். இன்றைக்கு ஒருவருடைய பாடு என்றால் அந்த இடத்தில் சுத்துவலை கட்டுவது அவர் மட்டும்தான். மற்றவர்கள் படகில் பக்கத்தில் போகலாம், என்ன விழுகிறது என்று பார்க்கலாம், பேசலாம். வலையில் கை வைக்க முடியாது. மீறினால் ஊர்க் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் ரூமுக்கு வேண்டிய சட்டம் முழுக்க அதில் இருக்கிறது. பார்வை பலருக்கு, கை ஒருவருக்கு, யாருடைய முறை என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2021 பிப்ரவரி 5-ஆம் தேதி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓல்ட்ஸ்மார் என்ற சிறிய ஊரின் குடிநீர் நிலையத்தில், அன்று ராத்திரி நாங்கள் பார்த்தது போலவே அம்புக்குறி நகர்ந்தது. டீம்வியூவர் வழியாக யாரோ உள்ளே வந்து காஸ்டிக் சோடாவின் அளவை 100-லிருந்து 11,100 பிபிஎம்முக்கு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஆபரேட்டர் உடனே பார்த்துக் குறைத்துவிட்டார். அங்கே ஓடியது ஆதரவு முடிந்த விண்டோஸ் 7. பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றே. இரண்டு ஆண்டு கழித்து, அது வெளியாள் அல்ல, உள்ளே இருந்தவரின் கைத்தவறாக இருக்கலாம் என்று அந்த ஊரின் முன்னாள் நிர்வாகி ஒருவர் சொன்னார். அப்படியே இருந்தாலும், யார் தொட்டது என்று இரண்டு வருடம் தெளிவில்லாமல் இருக்கும் ஒரு திரை குடிநீர் நிலையத்தில் இருந்திருக்கிறது. காட்டுப்பள்ளியைப் போல ஒரு கடல்நீர் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். கடல்நீரை அறுபது பார் அளவுக்கு அழுத்தித் தள்ளும் பம்புகள், மெம்பிரேனுக்கு முன்னும் பின்னும் மருந்து சேர்க்கும் டோசிங் லைன்கள். எல்லாமே திரையில் ஒரு எண்தான்.

விண்டோஸை விட்டுவிட்டு யூனிக்ஸ் போனால் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2003 ஆகஸ்ட் 14-ஆம் தேதி அமெரிக்க வடகிழக்கிலும் கனடாவிலும் ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஒஹாயோவில் ஒரு மின் நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமில் இருந்தது யூனிக்ஸில் ஓடும் எக்ஸ்ஏ/21 என்ற முறை. மதியம் 2:14-க்கு அதன் அலாரம் பகுதி சத்தமில்லாமல் நின்றுவிட்டது. அடுத்த சில நிமிடங்களில் தூரத்துத் திரைகள் செத்தன. 2:41-க்கு முதல் சர்வர், 2:54-க்கு மாற்று சர்வர். திரை ஒருமுறை புதுப்பிக்க 59 விநாடி வரை ஆனது. ஆபரேட்டர்களோ அலாரம் வரவில்லை, அதனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தார்கள். பழைய பேனலில் அலாரம் ஜன்னல்களுக்குப் பக்கத்தில் 'டெஸ்ட்' பட்டன் ஒன்று இருக்கும். ஷிஃப்ட் மாறும்போது அதை அழுத்தி எல்லா ஜன்னலும் எரிகிறதா என்று பார்த்துத்தான் பொறுப்பை வாங்குவோம். அந்தப் பழக்கம் திரைக்கு வரவில்லை.

2010-ல் ஸ்டக்ஸ்நெட் வெளியே தெரிந்தது. ஈரானின் யுரேனியம் ஆலைக்காக எழுதிய வைரஸ், பென் டிரைவில் ஏறி, சீமென்ஸ் சாஃப்ட்வேர் இருக்கும் விண்டோஸைத் தேடிப் போனது. சிமான்டெக் எடுத்த கணக்கில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து அதிகம் தொற்றியது இந்தியாவில். அதற்குப் பிறகுதான் பல ஆலைகளில் யூஎஸ்பி போர்ட்டுக்கு எபாக்ஸி போட்டு அடைத்தார்கள். 2019-ல் கூடங்குளம். ஒரு கம்ப்யூட்டரில் தீங்கு மென்பொருள் இருப்பதாக செப்டம்பர் 4-ஆம் தேதி, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் கொடுத்தது. முதலில் மறுப்பு வந்தது, மறுநாள் அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோடு இணைந்த கம்ப்யூட்டரில்தான் தொற்று, உலையைக் கட்டுப்படுத்தும் நெட்வொர்க் தனியாக இருக்கிறது என்றது. பிரித்து வைத்திருந்தது காப்பாற்றியது. முதல் நாள் மறுப்பு யாரையும் காப்பாற்றவில்லை.

தமிழ்நாட்டில் விண்டோஸுக்கு வேறு வழி யோசிக்காமல் இல்லை. 2006 வாக்கில் தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றினார். சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வந்தது. அரசு இலவசமாகக் கொடுத்த மாணவர் லேப்டாப்களில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. என் ஊர்ப் பிள்ளைகள் அதில் பழகினார்கள். பிரான்சில் இந்தியாவும் சேர்ந்து கட்டுகிற ஐடர் அணு இணைவு உலையின் மையக் கட்டுப்பாட்டு முறை லினக்ஸில்தான் இருக்கிறது. ஆகவே முடியாதது இல்லை. ஆலைகளுக்குள் அது வராததற்குக் காரணம், கேட்டு வாங்க ஆள் இல்லாததுதான். ஆனால் என் அனுபவத்தில் பெயர் முக்கியமில்லை. கெட்டுப்போன வொர்க்ஸ்டேஷனை, அன்றைய ஷிஃப்ட்டில் இருக்கும் நம் ஆட்களே, கையில் இருக்கும் டிஸ்க்கை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் எழுப்ப முடியுமா? முடிந்தால் அது நல்ல சிஸ்டம்.

2020-ல் கொரோனா வந்து எல்லாவற்றையும் தூரத்துக்குத் தள்ளியது. சப்ளையர் ஆட்கள் வர முடியாது. விபிஎன் போட்டு உள்ளே விட்டார்கள். 2021 அக்டோபரில் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கான சைபர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆலையை இயக்கும் நெட்வொர்க்கை இன்டர்நெட்டிலிருந்து பிரித்து வைக்கச் சொன்னது. நல்ல வழிகாட்டுதல். ஊரடங்கில் திறந்த கதவுகள் எத்தனை திரும்ப மூடப்பட்டன என்று அந்தந்த ஆலைதான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வரலாறு முழுக்க ஒன்று என்னை உறுத்துகிறது. பல நூறு மைல் தள்ளி ஏசி அறையில் இருக்கிற சப்ளையரின் ஆளுக்குத் தொடும் உரிமை கொடுத்திருக்கிறோம். மதிலுக்கு வெளியே காட்டுக்குப்பத்தில், அத்திப்பட்டில், முகத்துவாரத்தில் இருப்பவனுக்குப் பார்க்கும் உரிமைகூட இல்லை. கொசஸ்தலையில் சாம்பல் கலந்து வந்தால், ஆலையின் சாம்பல் குழாய் எங்கே உடைந்தது என்று மீனவன்தான் படகில் போய்க் கண்டுபிடிக்கிறான். அந்தக் குழாயின் அழுத்தத்தை அளக்க ஒரு டிரான்ஸ்மிட்டரும் ஒரு திரையும் போதும். 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்கு அலாரம் என்று இருந்தது மூக்குதான்.

வழி இல்லாமல் இல்லை. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதினேழு வகைத் தொழிற்சாலைகளுக்கு, புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலும் ஆன்லைன் அளவுக் கருவிகளைப் பொருத்தித் தகவலை வாரியத்துக்கு அனுப்பும்படி உத்தரவிட்டது. ஆக, எண்கள் ஏற்கெனவே ஆலையை விட்டு வெளியே போகின்றன. பாதுகாப்பாக அனுப்பவும் கருவி இருக்கிறது. டேட்டா டயோட் என்று சொல்வோம். ஒரு ஃபைபர் கேபிள், ஆலைப் பக்கம் ஒளியை அனுப்பும் பகுதி மட்டும், வெளிப்பக்கம் வாங்கும் பகுதி மட்டும். திரும்பி வர வழியே கிடையாது. பாஸ்வேர்டு திருடினாலும், விண்டோஸ் பழசானாலும், வெளியிலிருந்து ஒரு வால்வைக்கூடத் தொட முடியாது. அந்தப் பக்கத்தில் எத்தனை ஊருக்கு வேண்டுமானாலும் திரை வைக்கலாம்.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். இந்தக் கரையில் அடுத்து எந்தத் திட்டத்துக்குக் கூட்டம் நடந்தாலும், ஊர்த் தலைவர்களிடமும் இளைஞர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வேலை கேளுங்கள், இழப்பீடு கேளுங்கள், அதோடு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். இந்த ஆலையின் வால்வைத் தூரத்திலிருந்து யாரெல்லாம் தொட முடியும், அவர்கள் பெயர் எந்த லாக் புக்கில் பதிவாகும்? குழாய் அழுத்தமும், வெளியேறும் தண்ணீரின் சூடும், புகைபோக்கி அளவும் காட்டும் ஒரு திரை, தமிழில், எங்கள் மீன் ஏலக் கூடத்துச் சுவரில் எந்தத் தேதிக்குள் வரும்? பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.